இலாயமும் குதிரையின் கல்வியும்

நுழையும்முன்

சில குதிரைகளுக்குச் 'சண்டிக்குதிரை' என்று பெயர் சூட்டிவிடுகிறோம். அப்பெயர் ஒட்டிக்கொண்டால் குதிரைக்குச் சாட்டையடி கூடும், விலை குறையும், அது கைக்குக் கை மாறிக்கொண்டே இருக்கும். உண்மையில் அது சண்டித்தனம் செய்கிறதா, அல்லது நாம் அறியாமல் கற்பித்த பாடத்தைத் திரும்ப ஒப்பிக்கிறதா? குதிரைகளைப் பேணும் இலாயம் எவ்வாறு நடத்தப்பட வேண்டும் என்பதை விளக்கும் இக்கட்டுரை, அவ்வினாவிற்கு விடை தேடுகிறது.

ஹனூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு வழிகள் நன்கு தெரியும். ஒன்று, வடமேற்கே கொள்ளேகாலம் வழியாக மைசூருவுக்குச் செல்வது. மற்றொன்று, தென்கிழக்கே இராமாபுரம் கடந்து, பர்கூர் மலை இறங்கி, ஈரோடு மாவட்டத்து அந்தியூரை அடைவது. 1956ஆம் ஆண்டு மொழிவழி மாநிலங்கள் அமையும்வரை கொள்ளேகாலம் வட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆதலால் இவ்வழிப் போக்குவரத்து நேற்று உண்டானதன்று. இவ்விரு வழிகளின் முடிவிலும் குதிரைகளைக் காணலாம். அந்தியூரில் அவை விற்கப்படுகின்றன. மைசூருவில் அவை பயிற்றுவிக்கப்படுகின்றன.

அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில் குருநாதசுவாமி கோயிலின் ஆடித் திருவிழாவை ஒட்டிக் கால்நடைச் சந்தை கூடுகிறது. குசராத்தின் கத்தியவார் இனக் குதிரைகளும், இராசசுத்தானத்தின் மார்வார் இனக் குதிரைகளும் அங்கு விற்பனைக்கு வருகின்றன. இவ்விரண்டு இனங்களையும் காதுகளைக் கொண்டே அறியலாம்: காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடுவதுபோல் இருக்கும். மேளத்திற்கு ஏற்பக் கால் மாற்றி ஆடும் குதிரைகளும் உண்டு. கூட்டம் கைதட்டும். அந்த ஆட்டத்தைக் குதிரை எவ்வாறு கற்றது என்று கேட்பவர் அரிது.

குதிரையை வாங்கியவர் அனைவரிடமும் அதனைக் கட்டி வளர்க்க இடம் இருப்பதில்லை. பெருநகரங்களில் வாழ்வோர் சிலர் மாதந்தோறும் கட்டணம் செலுத்திப் பிறர் நடத்தும் இலாயத்தில் தம் குதிரையை விட்டுவைக்கின்றனர். மைசூருவில் 1891ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட குதிரைப் பந்தயக் கழகத்திலும் ஏறத்தாழ இம்முறையே: குதிரை ஒருவருடையது, பேணிப் பயிற்றுவிப்பவர் மற்றொருவர். இலாயம் நடத்துபவருக்கு இதில் ஓர் இக்கட்டு உண்டு. கட்டணம் தருபவர் உரிமையாளர். நலம் காக்கப்பட வேண்டியதோ குதிரை. வண்ணம் பூசிய சுவர், உயரமான கதவு, தூசியில்லாத் தரை ஆகியவற்றைக் கண்டு உரிமையாளர் மகிழலாம். அதே கொட்டிலில் நாளெல்லாம் தனியே நிற்கும் குதிரைக்கு அது சிறைதான்.

ஏன் சிறை என்கிறோம்? குதிரை எத்தகைய உயிர் என்பதை முதலில் அறிவோம். அது திறந்த புல்வெளியில், கூட்டமாக, நடந்துகொண்டே மேயும் விலங்கு. தன் விருப்பப்படி விடப்பட்ட குதிரை ஒரு நாளில் பதினான்கு முதல் பதினாறு மணி நேரம் மேய்கிறது. அதன் உடல் பெரிது, இரைப்பையோ சிறிது. 8 முதல் 15 லிட்டர் வரையே அது கொள்ளும். நம் இரைப்பை உணவு வரும்போது மிகுதியாக அமிலம் சுரக்கும். குதிரையின் இரைப்பையோ உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இடைவிடாது அமிலம் சுரக்கிறது. புல்லை மெல்லும்போது ஊறும் உமிழ்நீரே அவ்வமிலத்தைத் தணிக்கிறது. காலையில் ஒரு வாளி கொள்ளு, மாலையில் ஒரு வாளி கொள்ளு என்று வைத்துவிட்டு இடைப்பட்ட நேரம் முழுதும் வெறுந்தொட்டியைக் காட்டினால், இரைப்பையில் புண் உண்டாகும். அதிகத் தானியம் ஒரே வேளையில் சேர்ந்தால் கடும் வயிற்றுவலி வரலாம். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது என்பதால் அவ்வலி உயிருக்கே தீங்காகலாம். எனவே, நல்ல இலாயத்தில் முதற்செலவு புல்லுக்கும் உலர்புல்லுக்கும் ஆகும். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 6 கிலோ உலர்தீவனம் தேவை. கொள்ளு நல்ல உணவே. ஆனால் அது புல்லுக்கு ஈடாகாது.

அடுத்தது துணை. கூட்டத்தில் ஒன்று காவல் நிற்க, மற்றொன்று படுத்துறங்கும். குதிரை நின்றபடியே கண்ணயரும் என்பது உண்மைதான். ஆனால் ஆழ்ந்த கனவுறக்கம் கொள்ள அது படுத்தாக வேண்டும். அச்சமுள்ள இடத்தில் அது படுக்காது. பக்கத்துக் கொட்டிலில் உள்ள குதிரையைப் பார்க்கவும் முகரவும் முடியாதபடி சுவர் எழுப்புவது நலக்கேடாகும். மூன்றாவது, நடமாட்டம். இதனை மிகவும் விளக்கத் தேவையில்லை. நாள்தோறும் திறந்த வெளியில் அவிழ்த்துவிட வேண்டும், அவ்வளவே.

இம்மூன்றும் இல்லாத இடத்தில் குதிரை கதவு மரத்தைப் பல்லால் கவ்விக் காற்றை உள்ளிழுக்கும். நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக அசைந்தாடும். காட்டில் திரியும் குதிரைகளிடம் இப்பழக்கங்கள் காணப்படுவதில்லை. இவற்றைத் 'தீய பழக்கம்' என்று சொல்லிக் கழுத்தில் வார் இறுக்கும் வழக்கமும் உண்டு. வார் பழக்கத்தை மறைக்கும், காரணத்தை நீக்காது.

தெரிந்து தெளிவோம்

மதுரையில் 1904ஆம் ஆண்டு பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், கலாசேத்திராவை நிறுவிய நடனக் கலைஞர் என்றே பலரும் அறிவர். அவர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து, விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று வாதாடினார். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1962ஆம் ஆண்டு அமைந்த இந்திய விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. விலங்கை அடிப்பது, அளவுமீறி ஓட்டுவது, மிகைச்சுமை ஏற்றுவது, புண்பட்ட விலங்கை வேலையில் ஈடுபடுத்துவது ஆகியன அச்சட்டப்படி குற்றங்களாகும்.

இனி, கற்றலுக்கு வருவோம். மைசூருவில் காவல்துறையின் குதிரைப்படை உள்ளது. தசரா விழாவின் பத்தாம் நாள் நடைபெறும் ஜம்பு சவாரி ஊர்வலத்தில் அக்குதிரைகள் அணிவகுத்துச் செல்வதை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். அன்று ஏழு பீரங்கிகள் 21 முறை முழங்கும். சிறிய ஓசைக்கே ஓடிப்போகும் இயல்புடைய விலங்கு, அம்முழக்கத்தின் நடுவே நிற்கிறது. எப்படி?

விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்பே யானைகளையும் குதிரைகளையும் திடலில் நிறுத்தி, பீரங்கிகளை வெடித்து ஒத்திகை நடத்துகின்றனர். ஒருநாள் அன்று, வெவ்வேறு நாள்களில் இது திரும்பத் திரும்ப நடக்கும். முதன்முறை கேட்கும் விலங்குகள் மிரளும். ஓசைக்குப்பின் எத்தீங்கும் வரவில்லை என்பதைப் பலமுறை கண்டபின், அவ்வோசை அவற்றுக்குப் பொருளற்றதாகிவிடுகிறது. இதனைக் கற்றல் அறிவியலார் 'பழக்கமாதல்' என்பர். உங்கள் வீடு தொடர்வண்டிப் பாதை அருகே இருந்தால், வண்டியின் ஓசை உங்களை எழுப்பாததும் இதனால்தான்.

ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. தொடக்கத்திலேயே மிக அருகில், மிக உரத்த ஓசையைக் கேட்கச்செய்தால் அச்சம் தணிவதற்கு மாறாக வளரும். குதிரை அறுத்துக்கொண்டு ஓடியது. அதே நொடியில் ஓசையும் நின்றது என்று வைத்துக்கொள்வோம். 'ஓடினால் ஓசை நிற்கும்' என்பதே அன்று அது கற்ற பாடம். எனவே, தொலைவிலிருந்து தொடங்க வேண்டும். மெல்லிய ஓசையில் தொடங்க வேண்டும். தலை தாழ்ந்து, காதுகள் தளர்ந்து, குதிரை அமைதியடைந்த பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். லாடம் அடிக்கக் காலைத் தூக்குவது, வண்டியில் ஏற்றுவது, ஊசி போடுவது ஆகிய அனைத்திற்கும் இம்முறையே பொருந்தும். அவசரம் உள்ளவர் இலாயம் நடத்தாமல் இருப்பது நல்லது.

மற்றொரு கற்றல் முறை இன்னும் நுட்பமானது. கடிவாள வாரை மெல்ல இழுக்கிறோம். குதிரை ஓரடி எடுத்து வைக்கிறது. அது எதனால் கற்றது? இழுத்ததால் அன்று, அது அடி எடுத்து வைத்த அந்நொடியில் நாம் இழுப்பதை விட்டதால். அழுத்தம் கேள்வி, விடுவித்தலே விடை. இதை அறியாதவர், குதிரை நடந்தபின்னும் இழுத்துக்கொண்டே இருப்பார். சரியாகச் செய்தும் விடுதலை கிட்டாத குதிரை, முதலில் தலையை உதறும். பின் நிமிர்ந்து எழும். அஞ்சிய மனிதர் அப்போது வாரைக் கைவிடுவார். பாவம், குதிரை அன்று தெளிவாகக் கற்றுக்கொண்டது: முன்னங்கால் தூக்கி நின்றால் விடுவார்கள். மறுநாள் அதற்குச் 'சண்டிக்குதிரை' என்ற பெயர் வந்துவிடும்.

பரிசும் பாடம் கற்பிக்கும். கேரட் துண்டு ஒரு பரிசு. அதனினும் எளிய பரிசு ஒன்று உண்டு. குதிரைகள் ஒன்றின் முதுகை ஒன்று பல்லால் கோதிக்கொள்வதைப் பார்த்திருக்கலாம். பிடரிமயிர் முடியும் இடத்தில் அவ்வாறு வருடிவிட்டால் குதிரையின் இதயத்துடிப்பு குறைகிறது என்பதைப் பிரான்சு நாட்டில் செய்யப்பட்டு 1993ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. கழுத்தில் ஓங்கித் தட்டிப் பாராட்டுவது மனிதர் வழக்கம். வருடலே குதிரைக்குப் புரியும் மொழி. பரிசாயினும் கண்டிப்பாயினும் செயலோடு ஒட்டியே வரவேண்டும். காலையில் செய்த பிழைக்கு மாலையில் அடித்தால், அடிப்பவரைக் கண்டு அஞ்சவே அது கற்கும்.

குதிரை நம் உடலை எவ்வளவு கூர்ந்து கவனிக்கிறது என்பதற்குச் செருமனியில் நடந்த நிகழ்வு சான்றாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் ஆன்சு என்னும் குதிரை, கணக்குகளுக்குக் குளம்பால் தட்டி விடை கூறிற்று. அதன் உரிமையாளர் வில்கெல்ம் வான் ஆசுடன், ஓய்வுபெற்ற கணக்காசிரியர், ஏமாற்றுக்காரர் அல்லர். ஆசுகர் ஃபுங்சுட் என்னும் ஆய்வாளர் சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. வினா கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஆன்சுவுக்கும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்தவுடன் கேட்பவரின் தலை மிகச் சிறிதளவு அசையும். அதனைக் கண்டு அது தட்டுவதை நிறுத்தியது. அதற்குக் கணக்குத் தெரியாது. மனிதரைப் படிக்கத் தெரியும். ஆன்சுவைவிட ஆசிரியர்தான் அன்று தேர்வில் தோற்றார் என எனக்குத் தோன்றும்.

ஆயினும், எல்லா மறுப்பும் கற்றலால் வந்ததன்று. குதிரையின் கடைவாய்ப் பற்கள் தேய்ந்து, ஓரங்கள் கூர்மையாகிக் கன்னத்தையும் நாவையும் கிழிக்கும். அக்குதிரை கடிவாளத்தை ஏற்க மறுத்தால் அது அடமன்று, வலி. சேணம் பொருந்தாமல் முதுகில் புண் இருந்தாலும் அப்படியே. ஆகவே, நல்ல இலாயத்தில் புதிய பயிற்சிக்குமுன் கால்நடை மருத்துவரும் லாடம் அடிப்பவரும் குதிரையைப் பார்த்துவிடுவர்.

அந்தியூர்ச் சந்தையில் வாங்கப்பட்ட குதிரை ஒன்று, நெடுந்தொலைவு வண்டியில் நின்றபடி பயணம் செய்து இலாயத்திற்கு வந்து இறங்குகிறது எனக் கொள்வோம். விற்றவர் 'கொஞ்சம் முரட்டுக்குதிரை, அடித்தால் கேட்கும்' என்று சொல்லியிருக்கிறார். இலாயக்காரர் அன்று சேணம் எடுக்கமாட்டார். நிறையத் தண்ணீரும் உலர்புல்லும் வைப்பார். நோய்த்தொற்று இல்லை என்று உறுதியாகும்வரை மற்றவற்றோடு சேர்க்கமாட்டார். எனினும் அவை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் நிறுத்துவார். பக்கவாட்டிலிருந்து, குரல் கொடுத்தபடி அணுகுவார். ஏனெனில் குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் கண் தெரியாது. கையை நீட்டுவார். குதிரை பின்வாங்கினால் அங்கேயே நிற்பார். அது மூக்கை நீட்டி முகர்ந்ததும், கையை எடுத்துக்கொண்டு ஓரடி பின்னே செல்வார்.

அக்குதிரைக்கு அவர் கற்பித்த முதற்பாடம் அது.