சிறுநீரகக் கல்: உருவாகும் விதமும் தடுக்கும் வழிகளும்

சிறுநீரகக் கல் வெப்ப நாடுகளுக்கே உரிய நோய் என்று பலர் எண்ணுகின்றனர். ஆயினும் டென்மார்க் போன்ற குளிர் நாட்டிலும் இந்நோய் காணப்படுகிறது. குளிரில் தாகம் குறைவாகவே தோன்றுவதால், உடலுக்குத் தேவையான நீரை அருந்தாமலே பொழுது கழிந்துவிடுவதுண்டு. ஒருமுறை கல் ஏற்பட்டவர்களுள் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு, தடுப்பு முறைகளைப் பின்பற்றாவிடின், பத்து ஆண்டுகளுக்குள் அது மீண்டும் ஏற்படக்கூடும்.

கல் எவ்வாறு உருவாகிறது?

சிறுநீரகங்கள் குருதியை வடிகட்டி, கல்சியம், ஒட்சலேற்று, யூரிக் அமிலம் முதலியவற்றைச் சிறுநீருடன் வெளியேற்றுகின்றன. போதிய நீர் உள்ளவரை இவை கரைந்திருக்கும். நீர் குறைந்தால் சிறுநீர் செறிவடைந்து, இவை பளிங்குகளாகப் படிந்து, காலப்போக்கில் கல்லாக வளர்கின்றன. ஆனையிறவு உப்பளத்தில் உவர்நீர் வற்ற வற்ற உப்பு விளைவதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பெரும்பாலான கற்கள் கல்சியம் ஒட்சலேற்றினால் ஆனவை.

சிறுநீரகத்தினுள் இருக்கும் கல் பல வேளைகளில் எவ்வித அறிகுறியையும் காட்டுவதில்லை. அது சிறுநீர்க்குழாயினுள் இறங்கும்போதே விலாவிலிருந்து அடிவயிறு நோக்கிக் கடும் வலி, வாந்தி, சிறுநீரில் குருதி என்பன தோன்றும். 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும்.

குழாய்நீர் காரணமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணாம்புப் பாறைப் படையிலிருந்து கிடைப்பது. அதனால் நீரிலுள்ள சுண்ணாம்பே சிறுநீரகத்தில் கல்லாகிறது என்ற கருத்து வழக்கில் உண்டு. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு கல்சியம் காபனேற்று ஆகும். சிறுநீரகக் கல் பெரும்பாலும் அதனால் ஆனதன்று. டென்மார்க்கின் குழாய்நீரை அச்சமின்றி அருந்தலாம். அதனைத் தவிர்த்துக் குறைவாக நீர் அருந்துவதே தீங்கானது.

எவ்வளவு நீர் அருந்த வேண்டும்?

கல் ஏற்பட்ட ஒருவருக்கு நாளொன்றுக்கு 2 முதல் 2.5 லீற்றர் வரை சிறுநீர் வெளியேற வேண்டும். இதற்கு ஏறத்தாழ 2.5 முதல் 3 லீற்றர் வரை நீராகாரம் தேவை. 1996 இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், அதிகம் நீர் அருந்தியவர்களுள் 12 வீதத்தினருக்கே ஐந்தாண்டுகளில் மீண்டும் கல் ஏற்பட்டது. ஏனையோரில் இது 27 வீதமாக இருந்தது.

- நீரை ஒரே வேளையில் அருந்தாது, நாள் முழுவதும் பகிர்ந்து அருந்துக.
- சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருப்பின் போதுமானது. கடும் மஞ்சள் நிறம் நீர் குறைவைக் காட்டும்.
- தொழிற்சாலையிலோ சமையலறையிலோ வேலை செய்பவர்கள் தண்ணீர்ப் போத்தலை அருகில் வைத்திருப்பது நல்லது.
- ஏற்கெனவே கல் ஏற்பட்டவர்கள் கந்தசஷ்டி போன்ற விரதங்களை நீரும் அருந்தாமல் அனுட்டிப்பதைத் தவிர்க்க வேண்டும்.
- இதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் நீரின் அளவை வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும்.

உணவில் கவனிக்க வேண்டியவை

கல்லில் கல்சியம் உள்ளதால் பாலையும் தயிரையும் நிறுத்திவிடுவோர் உளர். இது தவறு. உணவிலுள்ள கல்சியம் குடலிலேயே ஒட்சலேற்றுடன் சேர்ந்து மலத்துடன் வெளியேறுகிறது. கல்சியம் குறைந்தால் ஒட்சலேற்று கூடுதலாகச் சிறுநீரை அடையும். 45,000 இற்கும் மேற்பட்ட ஆண்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1993 இல் வெளியான ஆய்வில், உணவின் மூலம் அதிக கல்சியம் பெற்றவர்களுக்குக் கல் குறைவாகவே ஏற்பட்டமை தெரியவந்தது.

குறைக்க வேண்டியது உப்பையே. உப்பு மிகுந்தால் சிறுநீரில் கல்சியமும் மிகும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றில் உப்பு அதிகம். இறைச்சியையும் மீனையும் அளவோடு உண்பது நல்லது. பசளி, பீற்றூட், ரபாபர், கச்சான் என்பவற்றில் ஒட்சலேற்று மிகுதி. கீரையை அவித்து நீரை வடித்தபின் தயிருடன் உண்ணலாம். இனிப்புச் சேர்க்காத தேசிக்காய்ச் சாறு, பளிங்கு படிவதைத் தடுக்கும் சித்திரேற்றைத் தரும். விற்றமின் சி மாத்திரைகளை அதிக அளவில் உட்கொள்ளலாகாது.

வாழைத்தண்டை உணவாக உண்பதில் தவறில்லை. ஆயினும் அதனை நம்பி மருத்துவ உதவியைத் தாமதித்தல் கூடாது.

எப்போது உதவி நாட வேண்டும்?

வலியுடன் காய்ச்சல் அல்லது நடுக்கம் ஏற்படின், அல்லது சிறுநீர் முற்றாக அடைபடின், உடனடியாகத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். அடைப்புடன் கிருமித்தொற்றும் சேர்ந்தால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். வார நாட்களில் காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை குடும்ப வைத்தியரையும், ஏனைய நேரங்களில் 70 11 31 31 என்ற இலக்கத்தில் வைத்தியர் சேவையையும், உயிராபத்தான நிலையில் 112 ஐயும் அழைக்கலாம். 2022 இல் திறக்கப்பட்ட கொட்ஸ்ட்ரூப் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லும் முன்னரும் தொலைபேசியில் அழைத்தல் அவசியம். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படின், நேரம் பதிவுசெய்யும்போதே தெரிவிக்க வேண்டும்.

வெளியேறிய கல்லை வீசிவிடாது வைத்தியரிடம் கொடுப்பது நன்று. அது எவ்வகைக் கல் என்பது தெரிந்தால், அடுத்த கல்லைத் தடுக்கும் வழியும் தெளிவாகும்.