மூலம்தான் என்று எப்படித் தெரியும்? வீட்டிலேயே எடுக்கும் மலப் பரிசோதனை

நம் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் பூச்சி, உரம், கறவை மாடு பற்றியவைதான் அதிகம். இந்த முறை வந்த ஒரு கடிதம் வேறு மாதிரி. ‘பெயர் போட வேண்டாம்’ என்ற குறிப்போடு ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்.

‘‘எனக்கு 51 வயது. கணவருக்கு 55. அவருக்கு ரொம்ப நாளாக மூலம் உண்டு. ஆறு மாதமாக வெளிக்குப் போகும்போது அவ்வப்போது ரத்தம் படுகிறது. நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறார். சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் சம்பந்தியம்மாவுக்கு, வீட்டிலேயே மலத்தைத் தொட்டு எடுத்து அனுப்ப ஒரு குச்சி கொடுத்தார்களாம். அதில் குடல் புற்றுநோய் தெரிந்துவிடுமாமே. அதை வரவழைத்து இவருக்குப் பார்க்கலாமா?’’

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்தக் குச்சி உங்களுக்கு ஏற்றது, சகோதரி. உங்கள் கணவருக்கு அல்ல. அவர் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். இந்த வாரமே.

மாடு மெலிந்தால் சாணியை டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போகிறோம். குடற்புழு முட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறார்கள். அதில் நமக்குக் கூச்சமில்லை. நம் விஷயம் என்றால்தான் வாய் வருவதில்லை.

பெருங்குடலின் உட்சுவரில் சிலருக்கு மரு போலச் சின்னச் சதை வளரும். ‘பாலிப்’ என்பார்கள். எல்லாம் புற்றாவதில்லை. ஆகிற சிலவும் பெரும்பாலும் பத்து வருஷம் போல எடுத்துக்கொண்டுதான் ஆகின்றன. அதுவரை வலி கிடையாது. ஆனால், மலம் உரசிப் போகும்போது கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கசியலாம். அந்த ரத்தத்தைக் கண்டுபிடிப்பதுதான் ‘ஃபிட்’ என்ற பரிசோதனை. மனித ரத்தத்தின் ஹீமோகுளோபினை மட்டும் பிடிக்கிற மாதிரி இது செய்யப்பட்டிருக்கிறது. அதனால் நேற்று சாப்பிட்ட ஆட்டுக்கறி குழப்பாது. பழைய முறையில் கறி, முள்ளங்கியெல்லாம் சில நாள் தவிர்க்க வேண்டியிருந்தது.

அந்தப் பழைய முறையே உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 46,551 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1993-ல் வெளியானது. வருஷந்தோறும் மலம் கொடுத்துப் பார்த்தவர்களிடம், பெருங்குடல் புற்றுநோயால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஜப்பானில் 1992 முதல் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தச் சோதனை நடக்கிறது. இங்கிலாந்தில் தபாலிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறது. சிங்கப்பூரில் 50 வயதான குடிமக்கள், நிரந்தரவாசிகள் ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டு வெவ்வேறு நாள் மலத்தில் எடுத்துக் கொடுக்கிறார்கள். நம் நாட்டின் தேசியத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்குத்தான் பரிசோதனை உண்டு. குடல் அந்தப் பட்டியலில் இல்லை. நாமாகத்தான் கேட்க வேண்டும்.

கணவருக்கு ஏன் வேண்டாம் என்கிறோம்? எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களைச் சலித்துப் பார்க்கிற சல்லடை இது. அவருக்கோ ரத்தம் கண்ணுக்கே தெரிகிறது. ‘ரத்தம் இருக்கிறது’ என்று வந்தால் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. ‘இல்லை’ என்று வந்துவிட்டாலோ, அடுத்த அறுப்பு வரைக்கும் தள்ளிப்போட அதுவே சாக்காகிவிடும். மருத்துவர் பார்த்துவிட்டு அவரே இதை எழுதிக் கொடுத்தால் அது வேறு. மூலம் இருக்கிறவருக்குக் கட்டி வரக்கூடாது என்று சட்டமில்லை, இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். துத்திக்கீரை சாப்பிடட்டும், தப்பில்லை. பஸ் ஸ்டாண்டு சுவரில் ‘மூலம், பௌத்திரம்’ என்று எழுதியிருக்கும் இடத்துக்கு மட்டும் கூட்டிப் போகாதீர்கள். மருத்துவர் கையுறை போட்டு விரலால் பார்ப்பார். ஓரிரு நிமிட வேலை. தேவைப்பட்டால் கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடல் முழுவதையும் பார்க்கிற சோதனைக்கு எழுதுவார்.

ரத்தம் மட்டுமல்ல. மலம் போகும் பழக்கம் சில வாரமாக மாறியிருந்தாலும், காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலும் காட்ட வேண்டும். ஆணுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ ரத்தசோகை என்று வந்தால், சத்து மாத்திரையோடு நிறுத்தாமல் ரத்தம் எங்கே போகிறது என்று கேளுங்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தால், 50 வயது வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் பேசுங்கள். அவர்களுக்குக் குச்சி போதாது.

இனி உங்கள் பங்கு. மகளை அனுப்பச் சொல்ல வேண்டாம். அந்தக் குச்சியை அது வந்த பரிசோதனைக்கூடம்தான் படித்துச் சொல்ல முடியும். பக்கத்து ஊர் லேபில் ‘ஃபிட் இருக்கிறதா’ என்று கேளுங்கள். ‘ஸ்டூல் அக்கல்ட் ப்ளட்’ என்று சொன்னால், பழைய முறையா, ஃபிட்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் கழிப்பறையில் எடுப்பதில் ஒரு சிரமம் உண்டு. மலம் தண்ணீரில் விழுந்துவிடக் கூடாது. காகிதத்தையோ சுத்தமான பிளாஸ்டிக் கவரையோ விரித்து அதில் போய், குச்சியால் நாலைந்து இடத்தில் லேசாகக் கீறி எடுங்கள். குச்சியில் ஒட்டுகிற அளவே போதும். குழாயில் செருகி மூடிவிட்டு, தேதியை எழுதுங்கள். முக்கியமானது வெயில். சூட்டில் ஹீமோகுளோபின் சிதைந்துபோனால், இருக்கிற ரத்தமும் இல்லை என்று காட்டும். சித்திரை, வைகாசியில் வண்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டு சந்தைக்கெல்லாம் போய்வராமல், எடுத்த அன்றே கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் உறையில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். மாதவிலக்கு நாட்களில் எடுக்க வேண்டாம்.

‘இல்லை’ என்று வந்தாலும் இந்தச் சோதனைக்குச் சில கட்டிகள் தப்பிவிடும். அதனால்தான் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ விட்டுத் திரும்பச் செய்கிறார்கள். ‘இருக்கிறது’ என்று வந்தால் பயப்பட வேண்டாம், அப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆனால், இன்னொரு லேபில் கொடுத்து ‘இல்லை’ என்று வாங்கித் திருப்திப்படுவது பெரிய தவறு. அடுத்தது கொலோனோஸ்கோப்பிதான். பாலிப் இருந்தால் அநேகமாக அப்போதே எடுத்துவிடுவார்கள், அது புற்றாக மாறுகிற பேச்சே இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குடல் இரைப்பைப் பிரிவில் விசாரியுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

உங்கள் கணவரோடு நீங்களும் உள்ளே போங்கள். ஆறு மாதமாக ரத்தம் போகிறது என்பதை அவர் ‘எப்பவாவது’ என்று சொல்லக்கூடும். பார்த்துவிட்டு வந்ததும் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள்.