சுண்ணாம்பு பறித்த பார்வை

ஒரு டியூப் சுண்ணாம்பு குழந்தையின் கண்ணை ஒரு நொடியில் வெந்துபோகச் செய்யும். அதை மீட்கும் வழியை ஆய்வகத்திலிருந்து ஆபரேஷன் மேஜைக்கே கொண்டுவந்துவிட்டார்கள் ஐதராபாத் டாக்டர்கள்.

காலை ஷிப்டுக்கு ஆள் இறக்கும் லோனாவாலா லோக்கல் ஆகுர்டி ஸ்டேஷனில் நின்று கிளம்புகிறது. வெளியே டீக்கடைப் பக்கம் ஒதுங்குகிறவர்களின் கைகளைக் கவனித்தால் ஒரே காட்சிதான். உள்ளங்கையில் கொஞ்சம் புகையிலை. சின்ன பிளாஸ்டிக் டியூபிலிருந்து ஒரு பொட்டு சுண்ணாம்பு. கட்டை விரலால் கசக்கி, இரண்டு தட்டுத் தட்டி, கீழுதட்டுக்குள் அடக்கிக்கொண்டு தொழிற்சாலை கேட்டை நோக்கி நடக்கிறார்கள். இங்கே பஜாஜ் ஆலையில் வண்டிகள் தயாரிப்பது 2007இல் நின்றது. தம்பாக்குவும் சுனாவும் நிற்கவில்லை. மகாராஷ்டிரம் 2012இல் குட்காவைத் தடை செய்தபோதும் சுண்ணாம்பு தப்பித்துவிட்டது. அது புகையிலை இல்லையே!

அபாயம் காத்திருப்பது வீட்டில். அப்பாவின் சட்டைப் பையிலிருந்து டியூப் குழந்தையின் கைக்கு வருகிறது. வாய்ப்பகுதியில் சுண்ணாம்பு காய்ந்து அடைத்துக்கொண்டிருக்கும். குழந்தை அமுக்குகிறது. வரவில்லை. முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இன்னும் பலமாக அமுக்குகிறது. அடைப்பு விடுபட்டு, சுண்ணாம்பு நேராகக் கண்ணுக்குள் பீய்ச்சி அடிக்கிறது. நம் பாட்டிமார் வைத்திருந்த சுண்ணாம்புக் கரண்டகத்தில் இந்த வம்பு இல்லை. உலோக டப்பாவை எந்தக் குழந்தையாலும் பிதுக்க முடியாது.

இது எங்கோ ஒன்றிரண்டு இடத்தில் நடக்கும் விபத்து அல்ல. டெல்லி எய்ம்ஸ் கண் மருத்துவர்கள் சுனா பாக்கெட்டுகள் பற்றி 2003இலேயே 'லான்செட்' இதழில் எச்சரித்தார்கள். பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளின் கண்ணில் ஏற்படும் ரசாயனக் காயங்களுக்கு முக்கியக் காரணம் சுண்ணாம்பு என்பது ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தின் பதிவேடுகளிலும் தெரிய வந்தது.

அமிலத்தைவிடச் சுண்ணாம்பு மோசம் என்றால் பலர் நம்புவதில்லை. அமிலம் பட்ட இடத்தில் புரதம் உறைந்து, அந்த உறைவே பெரும்பாலும் ஒரு தடுப்பாகிவிடுகிறது. காரமான சுண்ணாம்போ செல்களின் கொழுப்புச் சுவரைச் சோப்பாக மாற்றிக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இமைக்கு அடியில் ஒட்டிய துணுக்கு, எடுக்கப்படும்வரை தன் வேலையை நிறுத்தாது.

அப்படி வெந்த கண்ணில் நடப்பது விசித்திரமானது. கார்னியா எனப்படும் கருவிழிப் படலத்தின் மேல்தோல் ஓயாமல் உதிர்ந்து சில நாட்களுக்கொரு முறை புதிதாகிறது. புதிய செல்களை அனுப்பும் நாற்றங்கால், கருவிழியும் வெள்ளை விழியும் சந்திக்கும் விளிம்பில் மோதிரம் போலச் சுற்றியிருக்கிறது. அதற்கு லிம்பஸ் என்று பெயர். ஸ்டெம் செல்கள் குடியிருப்பது அங்கேதான். வெள்ளை விழியின் தோல் கருவிழி மேல் படர்ந்துவிடாமல் தடுக்கும் வேலியும் அதுவே. சுண்ணாம்பு இந்த வளையத்தைக் கருக்கிவிட்டால் வேலி போய்விடும். ரத்தக் குழாய்களோடு வெள்ளைத் தோல் கருவிழி மேல் ஏறி, கண்ணாடி போலிருந்த இடம் மங்கிச் சிவந்து போகும். தானமாகக் கிடைத்த கண்ணின் கார்னியாவை மட்டும் வைத்துத் தைத்தாலும் பயனில்லை. அதன் மேல்தோல் உதிர்ந்ததும், புதிதாக முளைக்க வைக்க நாற்றங்கால் இல்லை.

ஒரு கண் மட்டும் கெட்டிருந்தால் மற்ற கண்ணின் லிம்பஸிலிருந்து கடன் வாங்கலாம் என்று அமெரிக்காவில் கென்யானும் செங்கும் 1989இல் காட்டினார்கள். ஆனால் பெரிய துண்டு வெட்ட வேண்டியிருந்தது. இருக்கும் ஒரே நல்ல கண்ணிலா அவ்வளவு பெரிதாக வெட்டுவது? 1997இல் இத்தாலியின் பெல்லெக்ரினி குழு ஒரு சிறு துணுக்கை மட்டும் எடுத்து ஆய்வகத்தில் வளர்த்து இரண்டு நோயாளிகளுக்குப் பொருத்தியது. அந்த வழியில் வந்த 'ஹோலோக்ளார்' 2015இல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. பிரிட்டனில் அப்போது அதன் அறிவிக்கப்பட்ட விலை ஒரு கண்ணுக்கு 80,000 பவுண்டாக இருந்தது. ஆகுர்டி தொழிலாளி அந்தத் தொகையை ரூபாயில் மாற்றிப் பார்க்காமலிருப்பதே நல்லது.

செல் ஆராய்ச்சி புனேக்குப் புதிதல்ல. நாடெங்கும் உள்ள ஆய்வகங்களுக்குச் செல் வழங்கும் தேசிய செல் அறிவியல் மையம் கணேஷ்கிண்டில் பல்கலைக்கழக வளாகத்தில்தான் இருக்கிறது. ஆனால் சுண்ணாம்பு பட்ட கண்ணுக்கான மலிவான விடை கிடைத்தது ஐதராபாத்தில், எல்.வி. பிரசாத் நிலையத்தில். விர்ந்தர் சங்வான், கீதா வெமுகந்தி, சிசிஎம்பியின் முன்னாள் இயக்குனர் டி. பாலசுப்ரமணியன் ஆகியோர் 2001 வாக்கில் செல் வளர்ப்பைத் தொடங்கினார்கள். வெளிநாட்டு முறையில் எலிச் செல்களின் மேல் மனிதச் செல் வளர்ந்தது. இவர்கள் எலியை ஒதுக்கினார்கள். சிசேரியன் பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வை விரிப்பாக்கினார்கள். உணவாக நோயாளியின் சொந்த ரத்தத்தின் சீரத்தையே கொடுத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் செல் விரிப்பு தயார். 200 நோயாளிகளின் முடிவு 2011இல் வெளியானது: வெற்றி 71 சதவீதம்.

அதற்குப் பிறகு அவர்கள் எடுத்த அடியில்தான் உண்மையான துணிச்சல் இருக்கிறது. கஷ்டப்பட்டு எழுப்பிய ஆய்வகத்தையே தேவையில்லை என்று ஒதுக்கினார்கள். செல் வளர உடல்சூடு, ஈரம், உணவு மூன்றும் வேண்டும். இவை மூன்றும் கண்ணிலேயே இருக்கின்றனவே? நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டர் சதுரத் துணுக்கு எடுக்கப்படுகிறது. கெட்ட கண்ணில் படர்ந்த தோலை உரித்து, பனிக்குடச் சவ்வை ஃபைப்ரின் பசையால் ஒட்டுகிறார்கள். துணுக்கை எட்டுப் பத்துத் துண்டாக நறுக்கிச் சவ்வின் மேல் நாற்று நடுவது போல வைத்து, மறுபடி பசை, மேலே ஒரு காண்டாக்ட் லென்ஸ். நாற்றங்காலும் வயலும் ஒன்றாகிவிட்டன. ஒரே ஆபரேஷன் போதும். செல் வளர்ப்பு ஆய்வகம் வேண்டாம்.

சங்வான், சயன் பாசு, பிரிட்டனின் ஷீலா மெக்நீல், பாலசுப்ரமணியன் ஆகியோர் 2012இல் இதை வெளியிட்டபோது அவர்கள் கையில் இருந்தது ஆறு நோயாளிகளின் அனுபவம் மட்டுமே. பெயர் ஸ்லெட், அதில் வரும் முதல் எழுத்து 'சிம்பிள்' என்பதைக் குறிக்கிறது. 2016இல் 125 கண்களின் கணக்கு வந்தது: 76 சதவீத வெற்றி. அதே ஆண்டு மூன்று நாடுகளின் எட்டு மையங்களில் 68 கண்களைப் பார்த்தபோது வெற்றி 84 சதவீதத்தைத் தொட்டது. ஆய்வகம் இல்லாத ஊர்களிலும் சாதாரண கார்னியா சர்ஜனால் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

எந்தக் கண்ணுக்கு எவ்வளவு உரிப்பது என்று முடிவு செய்ய ஓசிடி கைகொடுக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடியில் 1991இல் பிறந்த இந்தக் கருவி, ஒளியை அனுப்பித் திரும்பி வரும் எதிரொளியிலிருந்து திசுவின் குறுக்குவெட்டுப் படத்தை வரைகிறது. கத்தி தொடுவதற்கு முன்பே, படர்ந்த தோல் எவ்வளவு தடிமன், அடியில் கார்னியா தெளிவாக மிஞ்சியிருக்கிறதா என்பது திரையில் தெரிந்துவிடும். மிஞ்சவில்லை என்றால் ஸ்லெட் மட்டும் போதாது. பிறகு கார்னியாவையும் மாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டு கண்ணும் வெந்தவர்களுக்குக் கடன் தர சொந்தக் கண் இல்லை. உறவினரின் திசுவை வைத்தால், உடல் அதை நிராகரிக்காமலிருக்க மருந்து சாப்பிட வேண்டும். அதற்கும் உத்தரவாதம் இல்லை. ஜப்பானில் ஒசாகாவின் கோஜி நிஷிடா குழு, மறுநிரலாக்கம் செய்த செல்களிலிருந்து கார்னியாத் தோலை வளர்த்து நான்கு பேருக்குப் பொருத்திய முடிவை 2024இல் வெளியிட்டது. நம்பிக்கை தரும் சேதிதான். ஆனால் அப்போது அது ஆராய்ச்சிக் கட்டத்தைத் தாண்டியிருக்கவில்லை.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். கண் மங்கலாகவே இருந்தால் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளாது. கார்னியா பளிச்சென்று ஆன பிறகும், நல்ல கண்ணை மாதக்கணக்கில் ஒட்டுப்போட்டு மூடி, சோம்பிய கண்ணை வேலை வாங்க வேண்டும். துறுதுறுவென்று ஓடும் நான்கு வயதுப் பிள்ளையிடம் அந்த ஒட்டைப் பிய்க்காமல் காப்பதற்குள் அம்மாவுக்குப் போதும் போதுமென்றாகிவிடும்.

இவ்வளவையும் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது வீட்டுக் குழாய்த் தண்ணீர். சுண்ணாம்பு பட்ட அந்த நிமிடமே கண்ணைத் திறந்து பிடித்து, சுத்தமான தண்ணீரைக் குறைந்தது அரை மணி நேரம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தை அலறும், நிறுத்தக் கூடாது. தாய்ப்பால், தேன், எண்ணெய் எதுவும் விடக் கூடாது. பிறகு உடனே கண் டாக்டரிடம் போய், இமையைப் புரட்டித் துணுக்குகளை எடுக்கச் சொல்ல வேண்டும். ரசாயனம் புழங்கும் தொழிற்சாலைகளில் கண் கழுவத் தனிக் குழாய் வைக்கிறார்கள். அங்கே வேலை முடித்துத் திரும்புகிறவரின் சட்டைப் பையில்தான் டியூப் இருக்கிறது. சட்டை தொங்குவது பிள்ளைக்கு எட்டும் ஆணியில்.