பழைய லாண்ட் ரோவருக்குப் புதிய வயிறு

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில் ஹுன்னஸ்கிரியவை அடைந்து, நக்கிள்ஸ் மலைத்தொடருக்குள் நுழையும் ஒடுங்கிய பாதையில் திரும்பினால், பழைய லாண்ட் ரோவர் வண்டி ஒன்று எதிர்ப்படக்கூடும். நிறம் மங்கியிருக்கும், கதவுகள் தாளமிடும், எனினும் ஏற்றத்தைக் கண்டு அஞ்சாது. இத்தகைய வண்டியை வைத்திருப்போருக்கு ஒரு நாள் காலையில் புதுக்கவலை பிறக்கிறது. முற்றத்தில் பெற்றோல் வாடை வீசுகிறது. குனிந்து பார்த்தால் தாங்கியின் அடியில் ஈரக்கசிவு. “இதற்கு இனித் தாங்கி எங்கே கிடைக்கும்? என்ன விலை சொல்வார்களோ?” என்று குடும்பமே கலங்குகிறது.

உடல் உறுதியாயிருக்க, வயிறு மட்டும் பழுதாவதேன்? விடை இவ்வண்டியின் பிறப்பிலேயே உளது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பிரித்தானியாவில் உருக்குக்குக் கடுந்தட்டுப்பாடு நிலவியது. ரோவர் கம்பனியின் தலைமைப் பொறியியலாளர் மொரிஸ் வில்க்ஸ் தமது பண்ணையில் இராணுவ ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதைப் போன்றதொரு வண்டியை ஆக்க முனைந்தபோது, உடற்பகுதியை அலுமினியக் கலப்புலோகத் தகட்டினால் அமைத்தனர். 1948 ஏப்ரல் 30 அன்று அம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அவ்வண்டி உலகின் கண்முன் வந்தது. தட்டுப்பாட்டின் பொருட்டுச் செய்த ஏற்பாடே வரமாயிற்று. மழை நாட்டிலும் அதன் உடல் துருப்பிடிப்பதில்லை. ஆனால் அடிச்சட்டமும் பெற்றோல் தாங்கியும் உருக்கினாலானவை. அவையே துருவுக்கு இரையாகின்றன.

1958இல் வெளிவந்த இரண்டாம் வரிசையின் குட்டை வண்டியில், ஏறத்தாழ 10 கலன், அதாவது 45 லீற்றர் கொள்ளும் தாங்கி வலப்பக்க முன் ஆசனத்தின் கீழே உளது. நம் நாட்டில் அதன்மேல் அமர்பவர் சாரதியே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

தாங்கி வெளியிலிருந்து மட்டும் அரிக்கப்படுவதன்று. அரைகுறையாக நிரம்பிய தாங்கியினுள் ஈரக்காற்று புகுகிறது. இரவுக் குளிரில் அவ்வீரம் நீர்த்துளியாகிறது. நீர் பெற்றோலினும் பாரமானது. ஆதலால் அடியிலே தங்கி உருக்கை அரிக்கிறது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை மறந்தவர் இலர். கியூ.ஆர். குறியீட்டைக் காட்டிப் பங்கீட்டளவில் பெற்றோல் பெற்ற அந்நாட்களில் வெறும் வயிற்றோடு நின்ற வண்டிகள் பல. அத்தகைய நிலையே துருவுக்கு ஏற்ற காலம். வாகன இறக்குமதியோ 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. எனவே, உள்ள வண்டியைப் பேணுவதன்றி வேறு வழி பலருக்கு இருக்கவில்லை.

பணத்தை எடுக்குமுன் நோயை அறிதல் வேண்டும். கசிவு தாங்கியிலிருந்துதான் வருகிறதா, அன்றி வெடித்த இறப்பர்க் குழாயிலிருந்தோ, அடியிலுள்ள வடிதிருகின் தேய்ந்த வளையத்திலிருந்தோ வருகிறதா என்று முதலிற் பார்க்க வேண்டும். ஏற்றத்தில் இயந்திரம் நின்றுவிட்டால் மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டிருக்கவும் கூடும். பெற்றோல் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தால் மட்டும், துரு உள்ளே குடிபுகுந்துவிட்டது என்று கொள்ளலாம்.

தாங்கியை மாற்றியே தீரவேண்டுமெனின், வழிகள் மூன்று. முதலாவது, பிரித்தானியாவில் இன்றும் செய்து விற்கப்படும் புதுத் தாங்கியை வரவழைப்பது. பொருள் நன்று. ஆனால் பாரமின்றியும் இடத்தை அடைக்கும் பொருளுக்குக் கப்பற் கூலியும் வரியும் சேரும்போது, ‘சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்காற்பணம்’ என்ற கதையாகும். பலர் கூடி ஒரே பொதியில் வரவழைத்தாற் சுமை குறையும்.

இரண்டாவது, பழைய உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற கொழும்பு பஞ்சிகாவத்தையிலே தேடுவது. அங்கே செல்வோர் கழற்றிய தாங்கியைப் பஸ்ஸில் சுமந்து செல்லலாகாது. அது காலியாயினும் ஆபத்தானது. ஆணித்துளைகளின் இடத்தைக் காட்டும் அட்டை அச்சும், கைத்தொலைபேசிப் படங்களும் போதும். வரிசைக்கு வரிசை தாங்கியின் அமைப்பு வேறுபடுவதால், கழுத்துக் குழாயும் அளவுகாட்டியின் துளையும் எங்கே உள்ளன என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கிடைக்கும் தாங்கியின் உட்புறத்தை மின்சூளால் நோக்குக. தீக்குச்சி கிழிப்பவர் தம் உயிரை விலையாகக் கொடுப்பவர். உள்ளே துருச் செதில் உதிர்ந்தால், மலிவு என்று வாங்கியது இரட்டைச் செலவாகும்.

மூன்றாவது வழி நம் ஊரிலேயே உளது. ‘டிங்கர் பாஸ்’ என்று நாம் அழைக்கும் தகட்டு வேலைக் கைவினைஞரைக் கொண்டு புதிதாகச் செய்வித்தல். பழையதன் தகட்டுக் கனத்துக்குக் குறையாத புது உருக்குத் தகட்டை மடித்து, ஓரங்களைப் பற்றவைத்து அமைப்பர். வடிதிருகும், உள்ளே தடுப்புத் தகடு இருந்தால் அதுவும் விடுபடலாகாது. பொருத்துமுன் துளைகளை அடைத்து, சிறிதளவு காற்றைச் செலுத்தி, ஓரமெங்கும் சவர்க்கார நுரை பூசுக. குமிழி எழும் இடமே குறையுள்ள இடம்.

“பழைய தாங்கியில் ஓட்டை மட்டும்தானே? அதையே வெல்டிங் செய்தால் இன்னும் மலிவல்லவா?” என்று கேட்போர் உண்டு. உயிரைப் பற்றிய செய்தி இங்கேதான் வருகிறது. பெற்றோல் நிறைந்த தாங்கியைக் கண்டு அஞ்சுகிறோம். காலித் தாங்கியைக் கண்டு அஞ்சுவதில்லை. உண்மை அதற்கு மாறானது. எரிவது திரவமன்று, அதன் ஆவி. காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரை அவ்வாவி கலந்தால் வெடிக்கும் கலவையாகிறது. அக்கலவை உண்டாவதற்கு ஏற்ற இடம் வெறுந்தாங்கியே. வடித்தபின்னும், வெயிலில் உலர்த்தியபின்னும், துருவின் இடுக்கிலும் மடிப்பிலும் ஊறிய பெற்றோல் சூடுபட்டதும் ஆவியாக எழும். வெந்நீராலும் நீராவியாலும் நெடுநேரம் கழுவி, நீர் நிரப்பியோ எரியாத வாயுவைச் செலுத்தியோ வேலைசெய்யும் முறை அறிந்தவரன்றிப் பிறர் அதைத் தொடலாகாது. ஈயப்பற்று வைப்பதற்கும் இவ்விதியே பொருந்தும்.

பெற்றோல் படாத புதுத் தகட்டிலோ இவ்வாவி இல்லை. ஆகவே புதிதாகச் செய்விப்பது, பழையதை ஒட்டுவதினும் சற்றுச் செலவு மிகுந்ததாயினும், பாஸின் உயிருக்கும் அவர் குடும்பத்துக்கும் நன்மையானது. பழைய தாங்கியின் கழுத்தை வெட்டி ஒட்டித் தருமாறு அவரை வற்புறுத்தலாகாது. ஆசனத்தருகே பிளாஸ்ரிக் கானை வைத்துக் குழாய் இழுத்து ஓட்டும் குறுக்குவழியும் வேண்டாம். ஒரு பள்ளத்தில் அது கவிழ்ந்தாற் போதும்.

புதுத் தாங்கியைப் பேணுவது எளிது. வண்டி நெடுநாள் நிற்கவேண்டுமெனின் நிரப்பி நிறுத்துக. மழைக்காலம் முடிந்ததும் இயந்திரமும் அடுப்பும் அணைந்திருக்க, திறந்த வெளியில் வடிதிருகைத் தளர்த்தி அடிநீரை வடித்துக்கொள்க. தாங்கிக்கும் சட்டத்துக்கும் இடையே ஒட்டும் சேற்றைக் கழுவிவிடுக.

இவ்வகை வண்டிகளின் நேர்வழியில் வந்த கடைசி வண்டி 2016 ஜனவரி 29 அன்று சொலிஹல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. இனி நம் மலைப்பாதைகளில் அவற்றின் ஆயுள் நம் கையிலேதான் உளது. சிக்கனமாக இருப்போம், ஆனால், சிக்கனம் பிடிக்கவேண்டியது பணத்திலேயன்றி உயிரிலன்று.