கெலார்ட்டின் தவளை: அன்றும் இன்றும்

மட்டக்களப்பில் மாரி தொடங்கிவிட்டால் தவளைச் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. வாவிக்கரை வயலிலும் குளத்தடியிலும் விடியும்வரை கச்சேரிதான். நாம் அறிந்த தவளைக்கு வாற்பேயாக நீந்தித் திரியக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும்.

மலைநாட்டுப் புதர்த்தவளைகளுக்கு அது தேவையில்லை. ஈர மண்ணிலோ இலையிலோ இடும் முட்டைக்குள்ளேயே வாற்பேய்ப் பருவம் கழிந்து, குட்டித் தவளையாகவே வெளிவரும். முட்டைத்தோல் கண்ணாடிபோல் இருப்பதால் உள்ளே வளரும் குஞ்சு வெளியே தெரியும்.

நம் புதர்த்தவளைகளில் ஒன்றை, இலங்கையிற் பிறந்த இராணுவ மருத்துவர் கெலார்ட் 1853இல் விவரித்தார். கண்ட இடம் நுவரெலியா. பச்சை உடலில் நட்சத்திரங்களாய் வெண்புள்ளிகள். பெயரும் அதையொட்டியே, சூடோபிலோடஸ் ஸ்டெல்லாட்டஸ். மலைநாட்டுக் காடுகள் கோப்பிக்காக வெட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியை அழித்தது. காடு திரும்பவில்லை, தேயிலை வந்தது. நுவரெலியாவைச் சுற்றி மரக்கறித் தோட்டங்களும் பெருகின. கெலார்ட்டுக்குப் பின் அந்தத் தவளையை எவரும் கண்டதாகப் பதிவில்லை. 2004இல் அற்றுப்போன இனமாக அறிவித்தார்கள்.

2009இல் மெண்டிஸ் விக்கிரமசிங்க குழுவினர் சிவனொளிபாதமலைக் காட்டில் அதை உயிரோடு கண்டார்கள். 2013இல் ஆய்வு வெளியானபோது, கெலார்ட் எழுதி 160 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நல்ல செய்திதான், ஆனால் பாதி. கெலார்ட் கண்ட நுவரெலியாவில் அல்ல, வெட்டாமல் விட்ட காட்டில்தான் தவளை கிடைத்தது. குளத்துத் தவளை வயலிலும் வாய்க்காலிலும் சமாளித்துக்கொள்ளும். ஈரம் காயாத காட்டுத்தரை இல்லையென்றால் புதர்த்தவளையின் முட்டை வற்றிப்போகும். அற்றுப்போனதாக எழுதப்பட்ட இலங்கைத் தவளையினங்கள் சுமார் 20. திரும்பக் கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. இனியும் ஏதாவது கிடைக்குமென்றால், அது தேயிலை ஏறாத மலைச்சரிவில்தான் கிடைக்கும். மிஞ்சிய காட்டைக் காப்பதே அவற்றைத் தேடுவதன் முதல் வேலை.