மாத்திரைக்குள் ஒரு பம்பாய்க் கதை

கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்களே, அதில் இரும்பு மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? கூடவே ஃபோலிக் அமிலமும் இருக்கிறது, நேயர்களே!

அதற்கு வழி காட்டியவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1928-இல் பம்பாய்க்கு வந்தவர், துணி ஆலைகளில் வேலை பார்த்த ஏழைக் கர்ப்பிணிகள் கடுமையான ரத்தசோகையில் வாடுவதைக் கண்டார். அவர்களுடைய சாப்பாட்டை ஆராய்ந்தார். பல முயற்சிகளுக்குப் பிறகு, ரொட்டியில் தடவும் ஈஸ்ட் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். எவ்வளவு மலிவான பொருள்! பெண்கள் தேறினார்கள். அதிலிருந்த சத்து ஃபோலேட் என்பது பின்னாளில் தெரியவந்தது.

நம் கீரையிலும் பயறிலும் அது நிறையவே உண்டு. ஓயாத அசதி என்றால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், தாய்மார்களே. கீரையை மட்டும் நெடுநேரம் வேகவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். சத்தும் அதோடு போய்விடும்.