பூங்காவா, வீடா?

மாணவர்களே, ‘மேம்பாடும் பொதுப் பூங்காக்களும்’ என்ற தலைப்பு வந்தால், பலரும் ‘மரத்தை வெட்டக்கூடாது’ன்னு எழுதிட்டு முடிச்சிடுறாங்க. அது போதாது. உண்மைச் சான்று ஒன்று வேண்டும்.

கோலாலம்பூர், தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள ரிம்பா கியாரா பூங்கா ஏறக்குறைய 25 ஏக்கர். அதில் ஏறத்தாழ 12 ஏக்கரில் அடுக்குமாடிகள் கட்ட 2017இல் அனுமதி தரப்பட்டது. கட்டியிருந்தால் இரட்டை அடி: பூங்கா பாதியாகும், அதைப் பயன்படுத்துவோரோ பெருகுவர். குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். அந்த அனுமதி செல்லாது என 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கதை அதோட முடியலை. பூங்காவை ஒட்டிய நீண்ட வீடுகளில் வாழ்ந்தவை புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள். பெரும்பாலும் நம் தமிழர்கள். 1980களிலிருந்து நிரந்தர வீட்டுக்குக் காத்திருந்தவர்கள். கைவிடப்பட்ட அந்தத் திட்டத்தில் அவர்களுக்கும் வீடுகள் இருந்தன.

ஆகவே, கட்டுரையில் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லுங்கள்: நிலம் யாருடையது? மேம்பாட்டால் யாருக்கு இலாபம்? யார் இழக்கிறார்? பூங்காவைக் காப்பதும் ஏழைக்கு வீடு தருவதும் எதிரெதிர் அல்ல. இரண்டையும் சேர்த்துத் திட்டமிடுவதே நல்ல மேம்பாடு. முடிவுரையை இதில் கொண்டுவந்து நிறுத்துங்கள்.